முழுக் கிண்ணத்துக்கு மாலை, உடைந்த துண்டுக்குக் குப்பைத் தொட்டியா?

முகநூலில் அடிக்கடி ஒரு வகைப் படம் சுற்றி வரும். பளபளக்கும் நீல நிறத்தில், தாமரைப் பூ வடிவில் ஓர் எகிப்தியக் கிண்ணம். கீழே, “3000 வருடப் பழமை! இன்றைய விஞ்ஞானத்தால் கூடச் செய்ய முடியாத அதிசயம்!” என்று எழுதியிருக்கும். ஆயிரக்கணக்கில் லைக். “மாஷா அல்லாஹ், என்ன அழகு” என்று ஒருவர். “என்ன விலை போகும்?” என்று இன்னொருவர். “ஏலியன்கள் செய்தது” என்று மூன்றாமவர்.

அந்தக் கிண்ணம் எங்கே கிடைத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது. கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள். உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பதில் தருகிறோம்.

முதலில் அந்தப் பொருள் என்ன என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் அதை ஃபயான்ஸ் என்கிறார்கள். அந்தப் பெயரே பிழையான பெயர். இத்தாலியில் ஃபயென்சா என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே செய்த, வெள்ளைப் பூச்சுப் பூசிய மட்பாண்டங்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் அது. பிறகு எகிப்தில் நீல நிறச் சாமான்களைக் கண்டதும், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிறதே என்று அதே பெயரை இதற்கும் ஒட்டிவிட்டார்கள். எகிப்தியச் சாமான் களிமண்ணால் செய்ததே அல்ல. அரபியில் இன்று இதைக் கைஷானீ என்கிறார்கள். அதுவும் ஈரானின் காஷான் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது. ஆக, ஐரோப்பியர் இத்தாலிய ஊரின் பெயரை வைத்தார்கள், அரபிகள் ஈரானிய ஊரின் பெயரை வைத்தார்கள். செய்தவனின் சொல் என்னவென்று இரண்டு பேரும் கேட்கவில்லை. பண்டைய எகிப்தியர் இதை அழைத்த சொல்லுக்கு ‘மின்னுவது’, ‘ஒளிவிடுவது’ என்று பொருள்.

சரி, எதனால் செய்தார்கள்? மணலை அல்லது வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைப்பார்கள். அதில் கொஞ்சம் சுண்ணாம்பு, தாவரச் சாம்பல் அல்லது நேட்ரன் என்ற இயற்கை உப்பு, நிறத்துக்குச் செப்பு. தண்ணீர் விட்டுப் பிசைந்து, வடிவம் கொடுத்துக் காய வைத்துச் சூளையில் சுட்டால் மேலே கண்ணாடி போல ஒரு நீலப் பூச்சு உருவாகும். உள்ளே வெள்ளை மாவுக்கல். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெறும் மணல். இதிலே ஏலியனும் இல்லை, மறைந்துபோன மந்திரமும் இல்லை. இன்றைக்கும் உலகின் பல இடங்களில் மட்பாண்டக் கலைஞர்கள் இதைச் செய்து பார்க்கிறார்கள், சரியாக வருகிறது.

இன்னொரு விசயம் எங்களில் பலருக்குத் தெரியாது. 1960களில் ஈரானின் கும் நகரத்தில், கழுதைக்கும் ஒட்டகத்துக்கும் கட்டுகின்ற நீல மணிகளைச் சில பட்டறைகள் செய்துகொண்டிருந்தன. மணிகளைச் சாம்பலும் சுண்ணாம்பும் செப்பும் கலந்த தூளுக்குள் புதைத்துச் சூளையில் வைப்பார்கள். சுட்டு முடிந்ததும் தூளை உதிர்த்துவிட்டால் உள்ளேயிருந்து மினுமினுக்கும் மணி வரும். ஹான்ஸ் வுல்ஃப் என்ற ஆய்வாளர் இதைப் பார்த்து 1968 இல் எழுதினார். பழைய எகிப்தியக் கைவேலையில் ஒரு முறையைப் புரிந்துகொள்ள ஆய்வாளர்களுக்கு உதவியவர்கள் அந்தக் கும் நகரத்து மணிக்காரர்கள். அவர்கள் எந்த நூதனசாலையிலும் வேலை செய்தவர்கள் அல்லர்.

இனி எங்கள் வாதத்துக்கு வருவோம்.

நாங்கள் சொல்வது இதுதான்: எங்கே கிடைத்தது என்று தெரியாத முழுக் கிண்ணத்தை விட, எங்கே கிடைத்தது என்று தெரிந்த உடைந்த துண்டு பெறுமதியானது. முழுக் கிண்ணத்தைக் கொண்டாடி, துண்டைக் குப்பையாக நினைக்கும் பழக்கம் வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. அந்தப் பழக்கம்தான் கள்ளத்தனமாகக் குழி தோண்டுகிறவனின் கையில் மண்வெட்டியைக் கொடுக்கிறது.

இதை வெறும் உணர்ச்சிப் பேச்சாகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக வருகிறோம்.

ஒன்று. சினாய் பாலைவனத்தில் செராபித் எல்-காதிம் என்ற மலை மேடு. பண்டைய எகிப்தியர் டர்க்கொய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லை வெட்டியெடுத்த இடம். அங்கே ஹத்தோர் என்ற அவர்களது பெண் தெய்வத்துக்கு ஒரு கோயில். அந்தக் கல்லின் தலைவி என்றே அவளை அழைத்தார்கள். அவளுக்குக் காணிக்கையாக அதே நிறத்தில் ஃபயான்ஸ் கிண்ணங்கள், சாடிகள், காப்புகள் கொண்டுபோய் வைத்தார்கள். 1904-05 பனிக்காலத்தில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அங்கே தோண்டினார். அவருக்குக் கிடைத்தவை குவியல் குவியலாக உடைந்த துண்டுகள். அழகுப் பொருள் தேடி வந்த ஒருவன் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போயிருப்பான். பெட்ரி பொறுக்கினார். அந்தத் துண்டுகளில் பல மன்னர்களின் பெயர்கள் இருந்தன. பதினெட்டாம் வம்சத்தின் முதல் மன்னர் அஹ்மோஸ் தொடக்கம் இருபதாம் வம்சத்தின் ஆறாம் ராம்செஸ் வரை, ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு. எந்தெந்த மன்னர் காலத்தில் அந்தப் பாலைவனத்துக்கு ஆள் அனுப்பினார்கள், எப்போது அது நின்றுபோனது என்பதற்கான சாட்சிகளில் அந்த நீலச் சில்லுகளும் உண்டு.

இரண்டு. அகபா வளைகுடாவுக்கு வடக்கே திம்னா என்ற பள்ளத்தாக்கு. பழைய செப்புச் சுரங்கங்கள் நிறைந்த இடம். நெல்சன் குலூக் என்ற ஆய்வாளரின் காலத்திலிருந்து அவற்றைச் ‘சுலைமான் மன்னரின் சுரங்கங்கள்’ என்று உலகமே சொல்லி வந்தது. 1969 இல் பெனோ ரொத்தென்பர்க் அங்கே ஒரு பாறையின் அடியில் சிறிய ஹத்தோர் கோயிலைத் தோண்டி எடுத்தார். அங்கும் உடைந்த ஃபயான்ஸ் துண்டுகள்தான். அவற்றில் முதலாம் சேத்தி தொடக்கம் ஐந்தாம் ராம்செஸ் வரை எகிப்திய மன்னர்களின் பெயர்கள். அதாவது கி.மு. 13 ஆம், 12 ஆம் நூற்றாண்டு. சுலைமான் (அலை) அவர்களின் காலமாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் கி.மு. 10 ஆம் நூற்றாண்டுக்கு முன்னரே எகிப்தியர் அங்கே செப்பு எடுத்திருக்கிறார்கள் என்பது அந்தச் சில்லுகளால் தெளிவானது.

உடனே யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கதை அதோடு முடியவில்லை. பிறகு எரெஸ் பென்-யோசெப் குழுவினர் அதே பள்ளத்தாக்கின் வேறு இடங்களில் கரிமக் காலக்கணிப்புச் செய்தபோது, கி.மு. 10 ஆம் நூற்றாண்டிலும் அங்கே பெரிய அளவில் செப்பு உருக்கியது தெரியவந்தது. உடைந்த துண்டு தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னது. அந்தக் கோயில் எந்தக் காலம் என்று சொன்னது, அதற்கு மேல் இட்டுக்கட்டவில்லை. நல்ல சாட்சி அப்படித்தான் பேசும். நாங்கள்தான் ஒரு சாட்சியை வைத்து முழுத் தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

மூன்று. தூத்தன்காமூன். தங்க முகமூடி எல்லோருக்கும் தெரியும். அந்தக் கல்லறையைத் தேட ஹோவர்ட் கார்ட்டருக்கு நம்பிக்கை கொடுத்த தடயங்களில் ஒன்று ஒரு சிறிய நீல ஃபயான்ஸ் கிண்ணம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1905-06 பருவத்தில், தியோடர் டேவிஸின் செலவில் மன்னர்களின் பள்ளத்தாக்கில் தோண்டிய எட்வர்ட் ஐர்ட்டன் ஒரு பாறைக்கு அடியில் அதை எடுத்தார். அதில் தூத்தன்காமூனின் பெயர் இருந்தது. அந்தப் பெயர் அந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்தால், ஆளும் எங்கோ பக்கத்தில்தான் கிடக்க வேண்டும் என்பது கார்ட்டரின் கணக்கு. 1922 நவம்பர் 4 இல் முதல் படி தெரிந்தது.

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். அதே கிண்ணத்தை ஒரு திருடன் எடுத்து லக்சர் கடைத்தெருவில் ஒரு சுற்றுலாப் பயணிக்கு விற்றிருந்தால்? கிண்ணம் அதே கிண்ணம். பெயர் அதே பெயர். அழகிலும் ஒரு குறையுமில்லை. ஆனால் அது எதையும் காட்டியிராது. ஐரோப்பாவில் யாரோ ஒரு பிரபுவின் வீட்டு அலுமாரியில் ஒரு நீலச் சாமானாக இருந்திருக்கும், அவ்வளவுதான். அந்தக் கிண்ணத்தைச் சாட்சியாக்கியது அது கிடந்த இடம்.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் இருக்கிறது. முகநூலில் சுற்றும் அதே தாமரைக் கிண்ணங்கள். கி.மு. 10 முதல் 8 ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை. உடம்பு முழுக்கப் புடைப்புச் சித்திரம்: சதுப்பு நிலம், படகு, பறவை, நாணல், கன்றுக்குட்டி. எகிப்தியக் கைவினையில் இவற்றுக்கு மிஞ்சியது குறைவு என்று சொன்னால் மறுக்க மாட்டோம். இவை இன்று நியூயோர்க்கிலும் இங்கிலாந்திலும் வேறு இடங்களிலும் இருக்கின்றன. மிகப் பலவற்றின் விபர அட்டையில் ஒரே மாதிரி வசனம்: மத்திய எகிப்தின் துனா எல்-கெபெலில் கிடைத்ததாகக் கூறப்படுகிறது, அல்லது அங்கிருந்து வந்திருக்கலாம். கூறியது யார்? விற்ற வியாபாரி. எந்தக் கல்லறை? தெரியாது. ஆணின் கல்லறையா, பெண்ணின் கல்லறையா? தெரியாது. கல்லறையா, கோயிலா? அதுவும் உறுதியில்லை. பக்கத்தில் என்ன இருந்தது? உள்ளே ஏதும் ஊற்றி வைத்திருந்தார்களா? தெரியாது, தெரியாது. ஆய்வாளர்கள் பாவம், அந்தச் சித்திரங்களின் பாணியை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காலவரிசை போட வேண்டியிருக்கிறது. 1963 இல் டெய்ட் என்பவர் அந்தக் கிண்ணங்களையும் துண்டுகளையும் ஒன்றுசேர்த்து அப்படித்தான் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்.

இவ்வளவு அழகான சாமான்கள், இவ்வளவு பெரிய ஊமைகள். நாங்கள் கைதட்டுவது அந்த ஊமைகளுக்குத்தான்.

நான்கு. இது கைவினையைப் பற்றியது. விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் கவனியுங்கள். ஃபயான்ஸில் பூச்சு வருவதற்கு மூன்று முறைகள் சொல்கிறார்கள். முதலாவது, கண்ணாடிக் குழம்பை மேலே பூசிச் சுடுவது. இரண்டாவது, உப்பைக் கலவைக்குள்ளேயே சேர்ப்பது. காயும்போது நீர் ஆவியாகி உப்பு மேற்பரப்புக்கு வந்து படியும், சுடும்போது அதுவே உருகிப் பூச்சாகும். மூன்றாவது, முன்னே சொன்ன கும் நகரத்து முறை, தூளுக்குள் புதைப்பது. ஒரு சாமான் எந்த முறையில் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே தடிப்பு வேறுபாடு, பூச்சு வழிந்த கோடு, அடியில் வைத்த அடையாளம் போன்ற சில குறிகள் உண்டு. ஆனால் நிச்சயமாகச் சொல்ல வேண்டுமென்றால் உள்ளே பார்க்க வேண்டும். பூச்சுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள எல்லை எப்படி இருக்கிறது, மணல் துகள்களுக்கு இடையே எவ்வளவு கண்ணாடி இறங்கியிருக்கிறது என்று நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். முழுக் கிண்ணத்தை அதற்காக வெட்டுவதற்கு எந்த நூதனசாலை சம்மதிக்கும்?

உடைந்த துண்டு ஏற்கெனவே திறந்து கிடக்கிறது.

சில துண்டுகளின் உடைந்த விளிம்பைப் பார்த்தால் நடுவே சாம்பல் அல்லது மண் நிறத்தில் கரடுமுரடான மணல், அதற்கு மேலே மெல்லிய வெள்ளைப் படை, அதற்கு மேலேதான் நீலம். நல்ல வெள்ளைக் குவார்ட்ஸ் தூளை எல்லா இடமும் போட்டுச் செலவழிக்காமல், நிறம் நன்றாகத் தெரிவதற்காக மேலே மட்டும் பூசியிருக்கிறார்கள். சாமானை விற்பதற்கு முன்னால் ஒரு கைவினைஞர் செய்த சிக்கனம் அது. அந்த ஆளின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அவரது மூளை அந்த உடைந்த விளிம்பில் இருக்கிறது. முழுக் கிண்ணத்தில் அது மூடிக் கிடக்கிறது.

அதேபோல நிறமூட்டியைப் பகுத்தாய்ந்தபோது, புதிய இராச்சியக் காலத்து நீலப் பூச்சுகள் பலவற்றில் செப்போடு தகரமும் சேர்ந்திருப்பது தெரியவந்தது. அப்படியென்றால் அவர்கள் புதுச் செப்புத் தாதுவை மட்டும் பாவிக்கவில்லை, பழைய வெண்கலச் சாமான்களின் கழிவையும் அரைத்துப் போட்டிருக்கிறார்கள். உலோகப் பட்டறையின் குப்பை நீலப் பட்டறையின் மூலப்பொருள். கஷ்மார்சிக், ஹெட்ஜஸ் என்ற இருவர் 1983 இல் வெளியிட்ட பெரிய பகுப்பாய்வு நூல் இந்தத் துறையில் அடிப்படையானது. இப்படியான அறிவெல்லாம் லைக் வாங்கும் படத்திலிருந்து வந்ததல்ல.

ஐந்து. சில நேரம் உடைவே செய்தி. நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையில் ஒரு நீல ஃபயான்ஸ் நீர்யானை இருக்கிறது. கிண்ணம் அல்ல, பொம்மை போன்ற உருவம். ‘வில்லியம்’ என்று செல்லப் பெயர் வைத்து, அந்த நூதனசாலையின் அடையாளமாகவே ஆக்கிவிட்டார்கள். மெய்ர் என்ற இடத்தில் ஒரு கல்லறையிலிருந்து வந்தது, ஏறத்தாழ 3900 ஆண்டுப் பழமை. அதன் மூன்று கால்கள் பிற்காலத்தில் பொருத்தியவை. ஏன்? புதைக்கும்போதே கால்களை வேண்டுமென்று உடைத்திருந்தார்கள். நீர்யானை ஆபத்தான மிருகம், மறுமையில் இறந்தவருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது என்ற பயம். அந்தக் குடும்பத்தின் பயம் முழுவதும் அந்த உடைந்த கால்களில் இருந்தது. நாங்கள் என்ன செய்தோம்? கால் பொருத்தி, அழகாக நிற்க வைத்து, கடையில் அதன் பொம்மை விற்கிறோம். அந்த நூதனசாலை உண்மையை மறைக்கவில்லை, விபரத்தில் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் பொம்மை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் விபரத்தை வாசிக்கிறார்கள்?

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். வழமையாக வருகின்ற நான்கைச் சொல்கிறோம்.

“வெளிநாட்டுக்காரன் வாங்கி வைத்ததால்தான் மிஞ்சியது, இல்லாவிட்டால் உடைந்து அழிந்திருக்கும்.”

நிலத்துக்கு அடியில் மூவாயிரம் வருடம் பத்திரமாக இருந்த சாமானைத் தோண்டச் சொன்னது யார்? விலை சொன்னவன்தான். முழுச் சாமானுக்குப் பணம், துண்டுக்குப் பணமில்லை என்றால், குழி தோண்டுகிறவன் முழுச் சாமானை எடுத்துக்கொண்டு துண்டுகளை மிதித்துவிட்டுப் போவான். நிலத்தின் அடுக்குகள் கலைந்த பின் எந்தப் பேராசிரியர் வந்தும் அதைத் திருப்பி அடுக்க முடியாது. இந்த வியாபாரத்தில் தனியார் மட்டும் ஈடுபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கெய்ரோ நூதனசாலைக்குள்ளேயே ஒரு விற்பனை அறை இருந்தது. 1979 வரை அங்கே பழம்பொருட்களை வாங்கிக்கொண்டு போகலாம். 1983 இல் வந்த 117 ஆம் இலக்கச் சட்டம்தான் எகிப்தில் அந்த வியாபாரத்தை முற்றாக நிறுத்தியது.

“அது பழைய கதை. இப்போது யார் திருடுகிறார்கள்?”

2013 ஓகஸ்ட் மாதம், எகிப்தின் அரசியல் கொந்தளிப்பின்போது, மல்லவி நகரத்து நூதனசாலையை உடைத்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் பொருட்கள் கொள்ளை போயின. தூக்க முடியாத பெரியவற்றை அடித்து நொறுக்கினார்கள். பிறகு பெரும்பாலானவை மீட்கப்பட்டு, 2016 இல் நூதனசாலை மீண்டும் திறக்கப்பட்டது. அந்த நூதனசாலையில் இருந்தவை எந்த ஊர்ப் பொருட்கள் தெரியுமா? பக்கத்தில் உள்ள துனா எல்-கெபெலின் அகழ்வுப் பொருட்களும் அவற்றில் அடக்கம். தாமரைக் கிண்ணங்கள் வந்ததாகச் சொல்லப்படும் அதே ஊர். நூறு வருடத்துக்கு முன் வியாபாரி கொள்ளையடித்தான், எங்கள் காலத்தில் கலகக்காரன் கொள்ளையடித்தான்.

இதைவிட நெருக்கமான விசயம் ஒன்று உண்டு. நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கும் இதே முகநூலில், பழம்பொருள் வாங்கவும் விற்கவும் அரபு மொழிக் குழுமங்கள் பெருகிக் கிடந்தன. அதார் என்ற ஆய்வுத் திட்டம் 2019 இல் அதை விபரமாக அம்பலப்படுத்தியது. 2020 ஜூன் மாதம் முகநூல் நிறுவனம் வரலாற்றுப் பொருட்களின் விற்பனையைத் தனது தளங்களில் தடை செய்தது. ஆகவே, “என்ன விலை போகும்?” என்று கொமெண்ட் போடுவதைச் சும்மா பகிடி என்று நினைக்காதீர்கள்.

“சில்லுகள் இலட்சக்கணக்கில் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் எங்கே வைப்பது?”

இது நியாயமான கேள்வி. இதைக் கேட்பவரோடு எங்களுக்குக் கோபமில்லை. உண்மையில் கிடைப்பவை கணக்கில்லை. ஜோசர் மன்னரின் படிக்கட்டுப் பிரமிடுக்கு அடியில் மட்டும் ஏறத்தாழ 36,000 நீல ஃபயான்ஸ் ஓடுகள் பதித்திருந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் பிரச்சினை இடமில்லாமை மட்டுமா? டெயிர் எல்-பஹ்ரியைப் பாருங்கள். 1903 முதல் 1907 வரை நவில், ஹோல் ஆகியோர் எகிப்து ஆய்வு நிதியத்துக்காக அங்கே தோண்டினார்கள். ஹத்தோர் வழிபாட்டு இடத்தைச் சுற்றி, சாதாரண மக்கள் கொண்டுவந்த காணிக்கைகள் குவிந்து கிடந்தன. குளமும் தாமரையும் மீனும் கறுப்புக் கோட்டில் வரைந்த நீலக் கிண்ணங்களின் துண்டுகளும் அவற்றில் இருந்தன. அவற்றை என்ன செய்தார்கள்? அகழ்வுக்கு நிதி கொடுத்த நூதனசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் பங்கு போட்டுப் பிரித்து அனுப்பினார்கள். இங்கே ஒரு பெட்டி, அங்கே ஒரு பெட்டி.

இப்படிப் பிரித்தானிய அகழ்வுகளிலிருந்து மட்டும் நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்குப் பொருட்கள் போயின. ஒரே இடத்துக் காணிக்கைகள் பல நாடுகளில் சிதறின. ஜெரால்டின் பிஞ்ச் என்ற ஆய்வாளர் பல நூதனசாலைகளில் கிடந்த ஹத்தோர் காணிக்கைகளை ஆராய்ந்து, 1993 இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதன் பிறகுதான் அந்தச் சில்லுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கதை சொன்னன. அரசர்களின் கதை அல்ல, பிள்ளை வேண்டியும் சுகம் வேண்டியும் மலையடிவாரத்துக்கு நடந்து வந்த சாதாரண ஆண்கள் பெண்களின் கதை. அண்மைக் காலத்தில் அலிஸ் ஸ்டீவன்சன் போன்றவர்கள், எந்த அகழ்வுப் பொருள் எந்த ஊருக்குப் போனது என்று தேடிப் பதிந்து வருகிறார்கள்.

ஆக, இடமில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் ஒரு துண்டைச் சாட்சியாக வைத்திருக்கப் பெரிய மண்டபம் தேவையில்லை. ஓர் இலக்கம், எங்கே எந்த ஆழத்தில் கிடைத்தது என்று ஒரு வரி, ஒரு படம், ஓர் இழுப்பறை. அந்த ஒரு வரியை எழுதாமல் விடுவதற்கு இடப் பற்றாக்குறை காரணம் ஆகாது.

“இதெல்லாம் மேற்குலகத்தின் கவலை. எங்களுக்கு என்ன?”

இந்தக் கேள்வி எங்கள் ஆட்களிடமிருந்துதான் கூடுதலாக வரும். பதிலும் எங்கள் வரலாற்றிலேயே இருக்கிறது. கி.பி. 1200 அளவில் பக்தாதிலிருந்து எகிப்துக்கு வந்த அப்துல் லத்தீப் அல்-பக்தாதி என்ற மருத்துவர் ஒரு நூல் எழுதினார். அங்கே கண்ட பழைய சின்னங்களை அளந்து, வியந்து எழுதியவர் அவர். புதையல் தேடிச் சிலைகளையும் சுவர்களையும் உடைக்கிறவர்களைக் கடுமையாகச் சாடியவரும் அவரே. முன்னைய ஆட்சியாளர்கள் அவற்றைப் பாதுகாத்ததைப் பாராட்டினார். ஐரோப்பாவில் எகிப்தியவியல் என்ற சொல் பிறப்பதற்கு ஆறு நூற்றாண்டுக்கு முன்னர், ஒரு முஸ்லிம் அறிஞர் கேட்ட கேள்வி இது. அவர் அந்தச் சிலைகளை வணங்கப் போகவில்லை. உடைத்துத் தங்கம் தேடவும் போகவில்லை. பார்த்தார், அளந்தார், எழுதினார். அந்த மூன்றுமே படிப்பு.

அதேபோல காஷான் நகரத்து மட்பாண்டக் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம், தங்கள் கலவையின் அளவை 1301 இல் எழுதி வைத்தார்: பத்துப் பங்கு குவார்ட்ஸ் தூள், ஒரு பங்கு கண்ணாடித் தூள், ஒரு பங்கு வெண்களி. எகிப்தியர் செய்த அதே சாமான் அல்ல இது. ஆனால் மணலைப் பாத்திரமாக்கும் அதே வகைச் சிந்தனை. “பார்த்தீர்களா, எல்லாம் நாங்கள் கண்டுபிடித்தது” என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தொழிலாளி தன் தொழிலை எழுதி வைத்தால் பின்னால் வருகிறவனுக்குத் தடுமாற்றமில்லை என்பதற்காகச் சொல்கிறோம். எகிப்தியக் கைவினைஞர் அப்படி எழுதி வைத்த அளவு எதுவும் எங்கள் கைக்கு வரவில்லை. அவர் விட்டுப்போன எழுத்து அந்த உடைந்த விளிம்புதான். அதையும் மிதித்துவிட்டால் அவரிடம் கேட்க வேறு வழியில்லை.

“அழகை ரசிப்பது குற்றமா?” என்று யாராவது கேட்கலாம். இல்லவே இல்லை. அந்த நீலத்தைப் பார்த்து மனம் குளிராதவர் யார்? எங்களுக்கும் பிடிக்கும். எங்கள் கோரிக்கை சிறியது. முழுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உடைந்த துண்டொன்றையும், வெள்ளை விளிம்பு தெரியும்படி வையுங்கள். ‘எங்கே கிடைத்தது’ என்ற வரியைப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் போடாமல், பெயரோடு சேர்த்துப் பெரிதாகப் போடுங்கள். தெரியாவிட்டால் ‘தெரியாது, கடையில் வாங்கியது’ என்று மழுப்பாமல் எழுதுங்கள். பார்க்கிறவர்களுக்கு அதுவும் ஒரு பாடம்.

கடைசியாக, எங்கள் தொழிலைப் பற்றி ஒரு சொல். வகுப்பில் எகிப்து என்றதும் பிள்ளைகள் பிரமிட், மம்மி, தங்கம் என்று மூன்று சொல் சொல்வார்கள். “சேர், உடைஞ்ச கோப்பையைப் படிச்சு என்ன செய்ய?” என்று கேட்கிற பிள்ளையும் உண்டு. அந்தப் பிள்ளையைச் சிரித்து இருத்திவிடாதீர்கள். அது நல்ல கேள்வி. ஓர் உடைந்த பீங்கான் கோப்பையையும் உடையாத ஒன்றையும் மேசையில் வையுங்கள். எதன் உள்ளே இருப்பது தெரிகிறது என்று கேளுங்கள். பிறகு, இந்த இரண்டில் எது எங்கள் பாடசாலைக் கிணற்றடியில் கிடந்தது, எது கடையில் வாங்கியது என்று சொல்லி, எது எங்கள் பாடசாலையைப் பற்றிப் பேசும் என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும். சான்று என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிடும். அது விளங்கினால் முகநூலில் வருகிற ஏலியன் கதையை அந்தப் பிள்ளை தானே தூக்கி எறியும்.

பெற்றோரிடமும் நண்பர்களிடமும் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த தடவை அந்த நீலக் கிண்ணத்தின் படம் உங்கள் திரையில் வரும்போது, பகிர்வதற்கு முன் கீழே ஒரு கேள்வியைப் போடுங்கள்: “இது எங்கே கிடைத்தது?” பதில் இருந்தால் தாராளமாகப் பகிருங்கள். பதில் இல்லாவிட்டால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு, திம்னாவின் சில்லைப் பற்றி உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.